போய்வந்த நோட்டும் சுருட்டைக்கொம்பி எருமையும்

வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு குடும்பத்தோடு ஊர் பார்க்கக் கிளம்புவதெல்லாம் உத்தியோகஸ்தர்களுக்கு ஆகும். காட்டு வேலை செய்கிறவனுக்கு ஆகாது. கட்டுத்தரையில் மாடு நிற்கிறது. தண்ணீர் காட்ட வேண்டும், சோளத்தட்டு அள்ளிப் போட வேண்டும், சாணி வழிக்க வேண்டும். ஆகையால் எங்கள் பக்கத்தில் எந்தக் குடும்பம் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு ஆள் வீட்டில் நின்றாக வேண்டும்.

சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவே இருக்கும் எங்கள் தோட்டத்தில் அந்த ஒரு ஆள் எப்போதும் என் மனைவி பெருமாயிதான். இது நான் செய்த ஏற்பாடு இல்லை. எங்கள் எருமை செய்த ஏற்பாடு. சுருட்டைக்கொம்பி என்று அதற்குப் பெயர். பெருமாயி கை பட்டால் ஒழியப் பால் விடாது. நான் செம்பை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தால் கழுத்தைத் திருப்பி ஒரு பார்வை பார்க்கும். அப்படி ஒரு பார்வையை வாங்கிக்கொண்ட பிறகு ரோசமுள்ளவன் எவனும் அங்கே உட்கார்ந்திருக்க மாட்டான்.

முதன்முதலில் நாங்கள் வண்டி பூட்டிப் போனது திருச்செங்கோட்டு மலைக்கு. நான், என் மகள் பொன்னாயி, வண்டி ஓட்ட என் மைத்துனன் செல்லமுத்து. செல்லமுத்து பெருமாயிக்குத் தம்பி. வாயைத் திறந்தால் சோறு போவதற்குத்தான் திறப்பான், மற்றபடி சாது.

கிளம்பும்போது பெருமாயி வண்டிக்குப் பின்னாலேயே களத்துமேடு வரைக்கும் வந்தாள்.

"ஏனுங்க, நீங்க மூணு பேரும் பாத்துப்போட்டு வந்துருவீங்க. நான் சாணியைப் பாத்துக்கிட்டு நிக்கோணும். போற வழியில என்னென்ன பாக்கறீங்களோ அதையெல்லாம் எழுதிக்கிட்டு வாங்க. வந்து எனக்குப் படிச்சுக் காட்டுங்க."

"எழுதறதா? நான் என்ன ஊர்க் கணக்குப்பிள்ளையா?"

"எழுதப் படிக்கத் தெரியும்னு சொல்லித்தானுங்களே எங்கய்யன்கிட்டப் பொண்ணு கேட்டீங்க? இத்தனை வருசத்துல ஒருநாளாச்சும் எழுதி நான் பாக்கலை."

நியாயம்தான். திருச்செங்கோட்டில் நீலக்கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கினேன். வண்டியில் உட்கார்ந்து எழுதினேன். வீடு திரும்பிக் கை கால் கழுவியதும் சோற்றைக் கேட்டேன்.

"மொதல்ல படியுங்க. அப்புறம் சோறு" என்றாள் பெருமாயி.

படித்தேன். "வண்டி பூட்டினோம். மலை ஏறினோம். சாமி கும்பிட்டோம். மலை இறங்கினோம். வந்தோம்."

பெருமாயி இன்னும் இருக்கிறது என்று நினைத்துக் காத்திருந்தாள். நான் நோட்டை மூடியதும் எழுந்து போனாள். மூன்று பேருக்கும் காலையில் கரைத்து வைத்த கம்மங்கூழ் வந்தது. தொட்டுக்கொள்ள ஒரு வெங்காயம். மூன்று பேருக்கும் சேர்த்து ஒன்று.

"இதைப் பாக்கறதுக்கா மாட்டைப் பூட்டிக்கிட்டுப் போனீங்க? இதை நான் இங்கிருந்தே சொல்லியிருப்பனே" என்றாள்.

செல்லமுத்து வெங்காயத்தில் தன் பங்கை மென்றுகொண்டே என்னைப் பார்த்தான். அவ்வளவு துக்கத்தோடு ஒரு மனிதன் இன்னொரு மனிதனைப் பார்த்து நான் கண்டதில்லை.

அதற்கப்புறம் நாமக்கல்லுக்குப் போனோம். இந்த முறை நோட்டில் எழுதும்போது கொஞ்சம் நிதானமாக எழுதினேன். நான் பொய் எழுதுகிறவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பொருளைத் தூரத்தில் வைத்துப் பார்த்தால் சிறிதாகத் தெரியும், கிட்டத்தில் வைத்தால் பெரிதாகத் தெரியும். நான் கிட்டத்தில் வைத்து எழுதினேன், அவ்வளவுதான்.

நாமக்கல் மலைக்கோட்டை மேல் ஏறி நின்று நாலா திசையும் பார்த்தபோது எங்கள் தோட்டம் தெரிந்தது என்று எழுதியிருந்தேன். தோட்டத்தில் எங்கள் வீடு தெரிந்தது. வீட்டு வாசலில் பெருமாயி உட்கார்ந்து மோர் சிலுப்பிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு பூனை மெதுவாக வந்து வெண்ணெய்ச் சட்டியில் வாயை வைத்தது. நான் கோட்டை மேலிருந்து "சூ! சூ!" என்று கத்தினேன். காற்று எதிர்க்காற்றாக இருந்ததால் கேட்கவில்லை.

படித்து முடித்தபோது பெருமாயி முகம் சிவந்துபோயிற்று. நான் எழுந்து ஓடத் தயாரானேன்.

"பூனை என்ன நெறமுங்க?"

"வெள்ளை."

"அதானே பாத்தேன்! அன்னிக்கு வெண்ணெய் ஒரு கை கொறைஞ்சுது. நான் வேலியோரத்துப் பழனியம்மாளைத்தானே சந்தேகப்பட்டேன்!"

அன்றைக்கு நெல்லுச்சோறு. எங்கள் பக்கத்தில் நெல்லுச்சோறு என்றால் நோம்பி, பண்டிகைக்குத்தான். மற்ற நாளெல்லாம் கம்பும் ராகியும். சோற்றுக்கு மேலே கோழிக் குழம்பு. செல்லமுத்து கையைக் கழுவவே மனமில்லாமல் உட்கார்ந்திருந்தான். அந்த வெள்ளைப் பூனைதான் பாவம், காரணம் தெரியாமலே எங்கள் தோட்டத்தை விட்டுப் போய்விட்டது.

மறுநாள் செல்லமுத்து கட்டுத்தரையில் என்னைத் தனியாகப் பிடித்தான்.

"மச்சான், நாம கோட்டை மேல ஏறவே இல்லைங்களே. வெய்யில்னு அடிவாரத்துலதானுங்களே படுத்திருந்தோம்?"

"கோழி நல்லா இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க."

"அப்ப ஏறினோம்."

"ஆமாங்க, ஏறினோம். செங்குத்தான படிங்க" என்றான் செல்லமுத்து.

அப்புறம் கொல்லிமலைக்குப் போனோம். அங்கே ஒரு பலாப்பழத்தை வெட்டினால் உள்ளே ஒரு குரங்குக் குடும்பம் மூன்று தலைமுறையாகக் குடியிருந்தது. கிழட்டுக் குரங்கு எங்களைப் பார்த்து, கதவைச் சாத்தும்படி கையைக் காட்டியது. இதற்கும் நெல்லுச்சோறு, கோழி. கூடவே வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டாள். பெருமாயி கேட்ட ஒரே கேள்வி, "அதுக பலாக்கொட்டையை என்ன பண்ணுதுக?" என்பதுதான். அடுப்புக் கூட்ட வைத்திருக்கின்றன என்றேன். செல்லமுத்து, "மூணு கொட்டைங்க அக்கா, முக்கோணமா" என்று சேர்த்துக்கொண்டான். அவனுக்கும் தொழில் பிடிபட்டுவிட்டது.

நோட்டுக்குப் பேர் வந்துவிட்டது. 'போய்வந்த நோட்டு' என்று அக்கம்பக்கத்துத் தோட்டத்தில் எல்லாரும் சொன்னார்கள். நாங்கள் எங்கேயாவது போய்த் திரும்பினால் வேலியோரத்துப் பழனியம்மாள் கைவேலையைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவாள். மழை பெய்யாத நாட்களில் எங்கள் வாசலில் பழைய பக்கங்களையே மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்பார்கள். பெருமாயிக்கு எல்லாம் மனப்பாடம். நான் ஒரு வரியை விட்டுவிட்டால், "அந்தக் கெழட்டுக் கொரங்கு கையைக் காட்டுச்சே, அதை எங்க முழுங்கிப்போட்டீங்க?" என்பாள். போகாதவள் அவள், போனவர்களான எங்களுக்குப் பாதை சொன்னவளும் அவள்தான்.

இப்படி எல்லாம் சீராக நடந்துகொண்டிருந்தபோதுதான் மேட்டூரில் அணை கட்டி முடித்தார்கள்.

ஊர் உலகமே போய்ப் பார்த்தது. நாங்களும் ஆடி மாதத்தில் இடப்பாடி வழியாகப் போய்ப் பார்த்தோம். உண்மையாகச் சொன்னால் தண்ணீர். அந்தப் பக்கம் தண்ணீர், இந்தப் பக்கம் சுவர். அதைத் தவிர வேறொன்றும் இல்லை. இதை அப்படியே எழுதிக்கொண்டு போனால் கம்மங்கூழ்தான் என்பது எனக்குத் தெரியும். வழியெல்லாம் யோசித்தேன்.

ஆகவே மேட்டூருக்கு நோட்டில் நிறையப் பக்கம் ஆகிவிட்டது. அணைச் சுவருக்கு வெள்ளை அடிக்க ஒரு கடைசியில் ஆரம்பித்த ஆள் மறு கடைசிக்கு வந்து சேரும்போது பேரன் எடுத்துவிட்டான். பதினாறு கண் மதகில் தண்ணீர் விழுகிற சாரலில் பக்கத்து ஊர்க்காரர்கள் துணியை நனைக்காமலே துவைக்கிறார்கள். ஏரிக்குள் ஒரு மீன் இருக்கிறது. அது ஒருபக்கமாகப் படுத்திருந்து மறுபக்கம் புரண்டால், எங்கள் தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் ஒரு முழம் ஏறும்.

"ஏறுச்சு!" என்றாள் பழனியம்மாள். "போன புதன்கெழமை எங்க கெணத்துல ஏறுச்சுங்க. நான் பாத்தேன்."

"எங்களுதுலயும் ஏறுச்சு" என்றாள் பெருமாயி.

அந்த மீன் கரையோரமாக வந்து செல்லமுத்துவை உற்றுப் பார்த்து, "உங்க அக்கா வரலையா?" என்று கேட்பதுபோல வாயைத் திறந்து திறந்து மூடியது என்று முடித்திருந்தேன். முடித்திருக்கக் கூடாது.

பெருமாயி எழுந்திருக்கவில்லை. சோற்றைப் பற்றிய பேச்சே இல்லை. கன்னத்தில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஏனுங்க, மத்ததெல்லாம் போகட்டும். மேட்டூரு ஒண்ணை மட்டும் நான் என் கண்ணால பாக்கோணும்."

அன்றைக்குச் சாப்பிட்ட கோழி எனக்கு உடம்பில் ஒட்டவில்லை.

யோசித்துப் பாருங்கள். அவள் மேட்டூருக்குப் போவாள். நோட்டைக் கையோடு கொண்டுபோவாள். பொன்னாயிக்கு நானே எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுத்திருந்தேன். அது என் புத்தி. பொன்னாயி வரி வரியாகப் படிக்க, பெருமாயி வரி வரியாகப் பார்ப்பாள். மேட்டூர் போனால் நாமக்கல்லும் போகும். நாமக்கல் போனால் கொல்லிமலை போகும். பிறகு இந்தச் சுற்றுவட்டத்தில் நான் மழை பெய்கிறது என்று சொன்னால்கூட வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார்கள். ஆயுசுக்கும் கம்மங்கூழ்.

சித்திரை வரைக்கும் எப்படியோ தள்ளிப்போட்டேன். அப்புறமும் என்னால் ஆனதைச் செய்து பார்த்தேன்.

"எருமையை யாரு பாக்கறது?"

"நீங்க."

"எனக்குத்தான் பால் விடாதே."

"கேக்கற மாதிரி கேட்டா விடும்."

"சித்திரை மாசம். வழியெல்லாம் புழுதி. மாடு திணறும்."

"மெதுவாப் போறோம்."

"வெள்ளிக்கெழமை அணைக்கு லீவு. யாரையும் உள்ள உட மாட்டாங்க."

"அப்ப செவ்வாக்கெழமை போறேன்."

பல்லி கத்தியது என்றேன். அது நல்ல மூலையில் கத்தியது என்றாள். அந்த வருஷம் மழை பொய்த்து ஏரியில் தண்ணீரே வற்றிவிட்டதாம், பார்க்க ஒன்றுமிருக்காது என்றேன். "மீனு சௌகரியமாத் தெரியும்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் வண்டி கிளம்பியது. செல்லமுத்து முன்னால், பெருமாயியும் பொன்னாயியும் பின்னால். பெருமாயி மடியில் நோட்டு. நான் வண்டிக்குப் பின்னாலேயே களத்துமேடு வரைக்கும் போனேன்.

"செல்லமுத்து" என்று கூப்பிட்டு, சொல்ல வேண்டியதைக் கண்ணால் சொன்னேன்.

அவனும் கண்ணாலேயே பதில் சொன்னான். அந்தப் பதில், 'மச்சான், எப்படிப் பாத்தாலும் எனக்குச் சோறு போடறவ எங்க அக்காதானுங்களே' என்பதுபோல இருந்தது.

வண்டி மறைந்ததும் நான் சுருட்டைக்கொம்பியிடம் போனேன். பார்த்தது. நான் திரும்பி வந்துவிட்டேன். மத்தியானத்துக்குள் மடி கனத்து அது கத்த ஆரம்பித்தது. ஒரு வாயில்லா ஜீவன் கஷ்டப்படுவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? வீட்டுக்குள் போய்க் கொடியில் கிடந்த பெருமாயியின் பழைய சேலையை எடுத்துச் சுற்றிக்கொண்டேன். தலையில் முக்காடு. செம்பை எடுத்துக்கொண்டு, கொஞ்சம் இடுப்பை ஆட்டி நடந்துபோய் உட்கார்ந்தேன். சுருட்டைக்கொம்பி மோந்து பார்த்தது. சேலை சரிதான், மீசை எங்கிருந்து வந்தது என்று யோசித்தது. யோசித்துக்கொண்டே பாலை விட்டுவிட்டது.

பாதிச் செம்பு நிறைந்திருக்கும்.

"பெருமாயி, நீ மேட்டூரு போகலியா?" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பழனியம்மாள் குரல்.

நான் முக்காட்டை இன்னும் கொஞ்சம் இழுத்து விட்டுக்கொண்டேன்.

"ஏ பெருமாயி! உன்னைத்தான். என்ன ஒடம்பு இப்படிப் பெருத்துப்போச்சு ஒரே நாள்ல?"

"பழனியம்மா, போயிரு" என்றேன்.

என் குரலைக் கேட்டு அவள் சிரித்த சிரிப்பில் எருமை மிரண்டு செம்பை உதைத்துவிட்டது. அவள் வீட்டுக்குப் போய்ச் சேரும் வரைக்கும் சிரித்துக்கொண்டே போனாள். போனதும், அவள் வீட்டில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அப்படியே தோட்டம் தோட்டமாகப் போய்ச் சங்ககிரி மலையில் எதிரொலித்ததை என் காதாலேயே கேட்டேன்.

அவர்கள் திரும்பி வருகிற வரைக்கும் சேலையும் நானுமாகக் காலம் தள்ளினோம். சாணி வழித்தேன். தண்ணீர் காட்டினேன். களி கிண்டித் தின்றேன். ஒரு விஷயம் அப்போதுதான் தெரிந்தது. கட்டுத்தரையில் நிற்கிறவனுக்குப் போனவர்களின் நினைப்பைத் தவிர வேறு வேலையில்லை. இப்போது இடப்பாடி தாண்டியிருப்பார்கள், இப்போது மாட்டை அவிழ்த்துவிட்டுக் கட்டுச்சோற்றைப் பிரித்திருப்பார்கள் என்று மனசு வண்டிக்குப் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தது. ஓடி ஓடி மேட்டூரில் போய் நின்றதும், மீனைத் தேடுகிற பெருமாயியின் முகம் தெரியும். உடனே மனசைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன்.

அவர்கள் வந்தபோது பொழுது இன்னும் சாயவில்லை. வண்டிச் சத்தம் கேட்டதும் சேலையை அவிழ்த்து எறிந்துவிட்டு வாசலில் போய் நின்றேன். பெருமாயி இறங்கினாள். கை கால் கழுவினாள். கயிற்றுக்கட்டிலில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அதுவரைக்கும் நான் மட்டும்தான் உட்கார்ந்த கட்டில் அது.

"சோறு?" என்றாள்.

"மொதல்ல படி. அப்புறம் சோறு" என்றேன். முறை என்றால் முறைதான்.

பழனியம்மாள் வந்து உட்கார்ந்துவிட்டாள். இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள். எல்லாரும் என்னைப் பார்த்து ஒருமுறை சிரித்துவிட்டே உட்கார்ந்தார்கள். பொன்னாயி நோட்டைப் பிரித்தாள்.

"அதெல்லாம் வேண்டாம் சாமி. நானே சொல்றேன்" என்றாள் பெருமாயி. பிறகு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பொன்னாயியிடம் திரும்பினாள். "மொதல்ல உங்க அப்பா எழுதுனதைச் சொல்லிப்போடறேன். ஒவ்வொரு வரியாப் படிக்கச் சொல்லி ஒவ்வொண்ணாப் பாத்தேன்."

பழனியம்மாள் இன்னும் கிட்டத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"எல்லாம் எழுதுன மாதிரியேதான் இருக்குது. வெள்ளை அடிக்கற ஆளு இருக்கறாரு. தொவைக்கற சாரல் இருக்குது. மீனும் இருக்குது. ஆனா ஒண்ணு. உங்க அப்பா அவசரத்துல ஒண்ணு ரெண்டை விட்டுப்போட்டாரு."

எனக்குப் போன மூச்சு வந்தது. வந்த மூச்சு பாதியில் நின்றது. என்ன விட்டுவிட்டேன்?

"ஏரி நடுவுல ஒரு நந்தி உக்காந்திருக்குது" என்றாள் பெருமாயி.

"நந்தியா?"

"கல்லு நந்தி. பெரிய நந்தி. தண்ணிக்கு நடுவுல கழுத்தைத் தூக்கிக்கிட்டு, எப்பவோ குளிக்க எறங்குன எருமை மாதிரி. அதுக்கு அந்தாண்ட ஒரு வேதக்கோயிலு, கிறிஸ்தவங்க கோயிலு. ரெண்டு கோபுரம் மட்டும் தண்ணிக்கு மேல நிக்குது. நாங்க பரிசல்ல போனோம். பரிசல்காரரு பேரு சவரிராயன், வேதக்காரரு. அந்தக் கோயில்லதான் அவருக்குப் பேரு வெச்சாங்களாம், கண்ணாலம் பண்ணுனாங்களாம். இப்பத் தண்ணி நெறைஞ்சா அதே கோயிலுக்கு மேல பரிசல் ஓட்டறாராம். 'ஊரு அப்படியே கீழ இருக்குதம்மா, நான் மட்டுந்தான் மேல வந்துட்டேன்'னு சிரிக்கறாரு."

பழனியம்மாள் வாயில் போட்ட வெற்றிலையை மெல்லாமல் வைத்திருந்தாள்.

நான் பெருமாயியையே பார்த்தேன். சிரிக்கவில்லை. கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. ஏரிக்கு நடுவே நந்தியாம். தண்ணீருக்குள் கோயிலாம். அதற்கு மேல் பரிசலாம். இத்தனை வருஷம் நோட்டு எழுதியவன் நான். எனக்கே கூச்சமாக இருந்தது. ஒரு பொய் என்றால் கொஞ்சமாவது நம்புகிற மாதிரி இருக்க வேண்டாமா?

"இதெல்லாம் நடக்கற காரியமா?" என்று கேட்டுவிட்டேன்.

"ஏனுங்க? அந்த மீனு நடக்கற காரியந்தானுங்களே?"

"மீனு வேற."

"என்ன வேற? நீங்க படிக்கறப்ப நான் என்னிக்காச்சும் சாட்சி கேட்டனா?"

கேட்டதில்லைதான். எழுந்து கட்டுத்தரைப் பக்கம் போனேன். செல்லமுத்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான்.

"மாப்ள, உண்மையைச் சொல்லு. நந்தி இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க மச்சான். நான் கொம்பைத் தொட்டுப் பாத்தேன்."

முகத்தைப் பார்த்தேன். குரங்கு வீட்டில் மூன்று அடுப்புக் கொட்டை இருந்தது என்று சொன்னபோது எந்த முகம் இருந்ததோ அதே முகம். செங்குத்தான படி என்று சொன்னபோது இருந்த முகமும் இதுதான். நானே பழக்கிய முகம். அதை வைத்துக்கொண்டு எதை நம்புவது?

"அம்மா சொல்றது நெசந்தான் அப்பா" என்றாள் பின்னாலேயே வந்த பொன்னாயி. அவளும் கச்சாயம் தின்று வளர்ந்தவள்தான்.

வேறு வழியில்லை. முறை என்றால் முறை. களிச்சட்டியை மூடி ஓரமாக வைத்துவிட்டுச் சேவலைப் பிடிக்கப் போனேன். அன்றைக்குக் குழம்பு வைத்தது நான். உப்பு கொஞ்சம் தூக்கலாகப் போய்விட்டது. பெருமாயி கட்டிலை விட்டு இறங்காமலே சாப்பிட்டாள். சாப்பிட்டுக்கொண்டே, "கொடியில கெடந்த என் சேலையில ஏனுங்க இத்தனை எருமை முடி?" என்று கேட்டாள். பழனியம்மாளுக்குப் புரை ஏறிவிட்டது.

அவள் சொன்னதை நோட்டில் நானே எழுதினேன். ஆனால் மனசு ஆறவில்லை. அடுத்த சித்திரை வந்ததும், அந்த நந்தியைப் பார்த்து ஒரு கை பார்த்துவிடுவது என்று வண்டி பூட்டச் சொன்னேன். வழக்கம்போலப் பெருமாயி எருமையோடு நின்றாள்.

அந்த வருஷம் மேற்கே நல்ல மழை. ஏரி வற்றவே இல்லை. கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர். நந்தியும் இல்லை, கோபுரமும் இல்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. ஆனாலும் பரிசல் துறையில் விசாரித்தேன். சவரிராயன் என்று ஒருவர் நிஜமாகவே இருந்தார். அதுவே எனக்கு அதிர்ச்சிதான். பரிசலில் ஏற்றிக்கொண்டு போனார். போய்க்கொண்டே இருந்தவர் ஓரிடத்தில் துடுப்பை நிறுத்தினார்.

"நந்தியைத்தானே கேட்டீங்க? இப்ப அது தலைமேலதான் நாம நிக்கறோம்" என்றார். "போன கோடையில நல்லாத் தெரிஞ்சுது. அப்ப ஒரு அம்மா வந்தாங்க. கையில ஒரு நோட்டு. கூட வந்த பொண்ணு அதைப் படிக்கப் படிக்க எனக்குச் சிரிச்சுச் சிரிச்சுத் துடுப்பே கைநழுவிப் போயிருச்சு. இந்த ஏரியில ஒரு மீனு இருக்குதாம், அது பொரண்டா அவங்க ஊர்க் கெணத்துல தண்ணி ஏறுமாம்!"

"அப்படியா?" என்றேன்.

"'ஏம்மா, இத்தனை பொய் எழுதியிருக்கறானே எவனோ, உனக்குக் கோவம் வரலையா?'ன்னு கேட்டேன். 'எனக்கு நாமக்கல்லுப் பூனையிலயே தெரியுமுங்க. எங்க ஊட்டுப் பூனை கருப்பு'ன்னு சொல்லிச்சு அந்த அம்மா. 'எங்க போனாலும் அந்த மனுசன் நோட்டுல நான் ஒரு பக்கமாச்சும் வந்துருவேன். போகாமயே எல்லா ஊருலயும் நான் இருக்கறேன். அதுக்கு ஒரு கோழி அடிச்சா என்னுங்க?'ன்னு சொல்லிச்சு."

செல்லமுத்து எங்கேயோ கரையைப் பார்த்தான். பொன்னாயி தண்ணீரில் கையை விட்டு அளைந்துகொண்டிருந்தாள்.

அந்த வெள்ளைப் பூனை யாருடையது என்பது எனக்கு இன்றுவரைக்கும் விளங்கவில்லை.

"ஆமா, நீங்க எந்த ஊருங்க?" என்று கேட்டார் சவரிராயன்.

"திருச்சிப் பக்கம்" என்றேன்.

திரும்பி வருகிற வழியெல்லாம் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டே வந்தேன். நந்தி இல்லை என்று எழுதினால் கட்டியவளைப் பொய்க்காரி ஆக்கினவன் ஆவேன். இருந்தது என்று எழுதினால் நான் பார்க்காததை எழுதினவன் ஆவேன். பின்னது எனக்குப் பழக்கமில்லாத காரியம் என்றாலும் இடப்பாடி வந்ததும் துணிந்து எழுதினேன்.

வீட்டு வாசலில் எல்லாரும் கூடிவிட்டார்கள். பெருமாயி கைவேலையை ஓரமாக வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். நோட்டைப் பிரித்தேன்.

"ஏரியில் தண்ணீர் நிறைந்திருந்தது. எங்கள் பரிசல் நடு ஏரிக்குப் போனதும், அடியிலிருந்து நந்தி எழுந்தது. தண்ணீரை உதறிவிட்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தது. 'போன வருஷம் வந்த பெருமாயி எங்கே?' என்று கேட்டது."

நிறுத்தினேன். பெருமாயி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டோரத்தில் சிரிப்பு வரப் பார்த்தது, வரவிடவில்லை.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஊட்டுல எருமை இருக்குது, உட்டுப்போட்டு வர முடியலைன்னு சொன்னேன்."

"அதுக்கு அது என்ன சொல்லுச்சு?"

"அடுத்த தடவை எருமையையும் வண்டிக்குப் பின்னால கட்டிக் கூட்டிக்கிட்டு வரச் சொல்லுச்சு. தானும் ஒரு எருமையைப் பாத்து நாளாச்சாம்."

கட்டுத்தரையில் மேய்ந்துகொண்டிருந்த சேவல் இந்தப் பேச்சை ஆதியிலிருந்து கேட்டிருக்க வேண்டும். பெருமாயி எழுந்திருக்கும் முன்பே அது வேலியைத் தாண்டிப் பழனியம்மாள் தோட்டத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தது.